ஹாத்திஃப்: உடலற்ற குரலைத் தேடிய வரலாறு

அரபு மொழியில் 'ஹாத்திஃப்' என்றொரு சொல் உண்டு. பேசுபவர் கண்ணுக்குத் தெரியாமல் குரல் மட்டும் காதில் விழுவதைப் பழைய அரபு இலக்கியம் அச்சொல்லால் குறித்தது. பாலைவனத்தில் தனித்துப் பயணம் செய்பவனைப் பெயர் சொல்லி அழைக்கும் குரல், நடுநிசியில் செய்தி சொல்லிவிட்டு மறையும் குரல் எனப் பல கதைகளில் ஹாத்திஃபைக் காணலாம். நவீன அரபு மொழியில் இதே சொல் தொலைபேசியைக் குறிக்கிறது. தமிழிலும் இதற்கு நிகரான சொல் உண்டு. 'அசரீரி' என்பதன் நேர்ப்பொருள் உடல் இல்லாதது என்பதாகும். மனித சமூகங்கள் உடலற்ற குரலுக்குத் தனிப் பெயர் வைக்கும் அளவுக்கு அந்த அனுபவம் பழமையானது, பரவலானது என்பதற்கு இச்சொற்களே சான்று.

இலக்கியத்தில் அசரீரி கேட்டவனை நாம் ஐயுறுவதில்லை. ஆனால் பக்கத்து வீட்டில் ஒருவருக்குக் குரல் கேட்டால் நிலைமை வேறு. ஒன்று, அவரை ஏதோ பிடித்துக்கொண்டது என்கிறோம். அல்லது அவர் நடிக்கிறார் என்கிறோம். இவ்விரு விளக்கங்களுக்கும் இடையில் மூன்றாவதொன்றைத் தேடி வைத்தியர்களும் தத்துவவாதிகளும் ஆயிரம் ஆண்டுகளாக நடந்து வந்திருக்கிறார்கள். அந்தத் தேடல் இன்று மூளையின் பகுதிகளை ஒன்றோடொன்று இணைக்கும் நரம்புப் பாதைகளில் வந்து நிற்கிறது. அப்பாதைகளைப் பற்றிய எண்ணம் எவ்வாறு தோன்றியது, அதன் பேரால் நோயாளருக்கு என்னென்ன செய்யப்பட்டது என்பதைச் சுருக்கமாக நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இத்தேடலின் தொடக்கத்தில் இப்னு சீனா (980 - 1037) நிற்கிறார். 'அஷ்ஷிஃபா' என்னும் பெருநூலின் ஆன்மா பற்றிய பகுதியில் அவர் உட்புலன்களை வகுத்துக் கூறுகிறார். கண், காது முதலிய ஐம்புலன்களும் கொண்டு வருவதை ஒன்றுசேர்த்து உணரும் 'அல்ஹிஸ்ஸுல் முஷ்தரக்' என்னும் பொதுப்புலன் அவற்றுள் ஒன்று. உருவங்களைச் சேர்த்தும் பிரித்தும் பார்க்கும் கற்பனையாற்றல் மற்றொன்று. சாதாரணமாக வெளியிலிருந்து வருவதே பொதுப்புலனில் பதிகிறது. ஆனால் நோயிலோ அச்சத்திலோ பைத்தியத்திலோ உறக்கத்திலோ கற்பனையாற்றல் கட்டவிழ்ந்து, தன்னிடமுள்ளதைப் பொதுப்புலனில் பதித்துவிடுகிறது. அப்போது மனிதன் உள்ளே தோன்றியதை வெளியே கண்டதாகவும் கேட்டதாகவும் உணர்கிறான். பொதுப்புலனைப் பொறுத்தவரை பதிவு பதிவுதான். அது எந்த வாசல் வழியே வந்தது என்பதில்தான் வேறுபாடு.

இப்னு சீனா இவ்வாற்றல்களை மூளையின் உட்குழிகளில் வைத்துப் பேசினார். அந்த உடற்கூற்றியல் இன்று செல்லாது. ஆயினும் ஒரு விடயத்தில் அவர் பார்வை வியப்பூட்டுவது. குரல் கேட்பதை அவர் காதின் குறையாகவோ அறிவின் குறையாகவோ காணவில்லை. இரண்டு ஆற்றல்களுக்கு இடையிலான போக்குவரத்தில் நேர்ந்த பிறழ்வாகவே கண்டார். ஐரோப்பிய வைத்தியம் இதே இடத்துக்கு வந்து சேரப் பல நூற்றாண்டுகள் ஆயின.

பிரான்சில் எஸ்கிரோல் என்னும் உளமருத்துவர் 1838இல் வெளியிட்ட மனநோய்கள் பற்றிய நூலில், புறத்தே பொருள் எதுவும் இல்லாதிருக்க அதனைப் புலன் உணர்வதே பிரமை என வரையறுத்தார். இருக்கும் ஒன்றைத் தவறாகக் காண்பதையும் இல்லாத ஒன்றைக் காண்பதையும் அவர் தெளிவாகப் பிரித்தார். கயிற்றைப் பாம்பென்று காண்பது வேறு. கயிறே இல்லாத இடத்தில் பாம்பைக் காண்பது வேறு. இவ்வரையறை இன்றும் பெரும்பாலும் நிலைத்திருக்கிறது.

அடுத்து எழுந்த கேள்வி, மூளையில் இது எங்கே நிகழ்கிறது என்பது. 1861இல் பாரிஸில் போல் புரோக்கா, பேச்சிழந்த ஒரு நோயாளியின் மூளையை அவரது மரணத்தின் பின் ஆராய்ந்து, இடது நெற்றிப் பகுதியில் சிதைவு இருப்பதைக் காட்டினார். பேச்சை உருவாக்கும் இடம் அதுவெனக் கொள்ளப்பட்டது. 1874இல் ஜேர்மனியில் கார்ல் வேர்னிக்கே, தமது 26ஆவது வயதில், கேட்ட சொல்லைப் புரிந்துகொள்ளும் இடம் காதுக்கு அண்மையிலுள்ள பொட்டுப் பகுதியில் இருப்பதாகக் காட்டினார். புரோக்காவின் இடம் பேசுகிறது, வேர்னிக்கேயின் இடம் கேட்கிறது என்று இதனைச் சுருக்கலாம்.

வேர்னிக்கே அத்துடன் நிற்கவில்லை. வியன்னாவில் அவருக்கு ஆசானாக இருந்த மைனேர்ட், மூளையின் பகுதிகளை ஒன்றோடொன்று கோக்கும் நரம்பிழைக் கற்றைகளை ஆராய்ந்தவர். அவரைப் பின்பற்றி வேர்னிக்கே, இரண்டு இடங்களும் நலமாக இருந்தும் அவற்றை இணைக்கும் பாதை அறுந்தால் தனியொரு பேச்சுக் கோளாறு தோன்ற வேண்டும் என்று முன்கூட்டியே கூறினார். அத்தகைய நோயாளர் பின்னர் காணப்பட்டனர். 1890களில் அவர் இதே எண்ணத்தை மனநோய்க்கும் விரித்தார். எண்ணங்களின் தொடர்புகள் தளர்ந்து பிரிவதாலேயே மனநோயின் குறிகள் தோன்றுகின்றன என்றார். தன் எண்ணமே தனக்கு அந்நியமாக ஒலிக்கும் நிலையை இவ்வழியில் விளக்கலாம் என்று அவர் கருதினார். 1908இல் சூரிச் நகரைச் சேர்ந்த ஒய்கன் புளூலர் அதுவரை வேறு பெயரால் வழங்கிய நோய்க்கு 'ஸ்கிசோஃப்ரினியா' என்று பெயரிட்டபோதும், மனத்தின் தொழிற்பாடுகள் ஒன்றிலிருந்து ஒன்று பிரிவதையே அப்பெயரில் வைத்தார். தமிழில் நாம் மனப்பிளவு என்கிறோம். ஒருவருக்குள் இருவர் வாழ்வது என்று இதனைப் பலர் பொருள்கொள்வது தவறு.

இவ்விடத்தில் வரலாற்றின் இருண்ட பக்கமொன்றைப் புரட்ட வேண்டியுள்ளது. இணைப்பில்தான் கோளாறு என்றால் இணைப்பை வெட்டிவிடலாமே என்ற எண்ணம் சிலருக்குத் தோன்றியது. சுவிற்சர்லாந்தின் பிரேஃபார்ஜியே மனநோய் விடுதியின் பொறுப்பாளர் கொட்லீப் புர்க்ஹார்ட் 1888 தொடக்கம் 6 நோயாளருக்கு மூளையில் சத்திரசிகிச்சை செய்தார். புலன்களிலிருந்து மிதமிஞ்சிப் பாயும் கிளர்ச்சி இயக்கப் பகுதிகளை அடைவதாலேயே நோயாளர் கொந்தளிக்கின்றனர் என்றும், இடையிலுள்ள மூளைப் புறணியின் ஒரு கீற்றை அகற்றினால் அப்பாய்ச்சல் நிற்கும் என்றும் அவர் நம்பினார். அவர்களுள் குரல்களால் அலைக்கழிந்தோரும் இருந்தனர். சிலர் அமைதியாயினர். ஒருவர் சத்திரசிகிச்சையைத் தொடர்ந்து சில நாட்களில் இறந்தார். 1890இல் பேர்லின் மாநாட்டில் புர்க்ஹார்ட் இதனைக் கூறியபோது சக வைத்தியர்களிடம் ஆதரவு கிடைக்கவில்லை.

ஆயினும் அந்த எண்ணம் மடியவில்லை. 1935இல் லிஸ்பனில் எகாஸ் மொனிஸ், நெற்றிப் பகுதியை மூளையின் ஏனைய பகுதிகளுடன் இணைக்கும் வெண்ணிற இழைகளை அழிக்கும் சிகிச்சையைத் தொடங்கினார். மாறாமல் இறுகிப்போன இணைப்புகளே மாறாத எண்ணங்களை வளர்க்கின்றன என்பது அவர் வாதம். அடுத்த ஆண்டே அமெரிக்காவில் வோல்டர் ஃப்ரீமன் இம்முறையைப் பின்பற்றினார். ஆயிரக்கணக்கானோர் இச்சிகிச்சைக்கு உள்ளாகினர். 1949இல் மொனிஸுக்கு நோபல் பரிசும் வழங்கப்பட்டது. அடுத்த ஆண்டு சோவியத் நாடு அதே சிகிச்சையைத் தடைசெய்தது. பலர் அடங்கினர் என்பது உண்மை. ஆனால் குரலோடு சேர்த்து ஆர்வமும் முயற்சியும் ஆளுமையும் அடங்கிப்போயின. 1952இல் பாரிஸில் குளோர்புரோமசீன் என்னும் மருந்து மனநோய்க்குப் பயன்படத் தொடங்கிய பின்னரே கத்தி மெல்லப் பின்வாங்கியது. பாதையைப் பற்றி முற்றாக அறியுமுன் பாதையை அறுத்த காலம் அது. ஒரு கருத்து சரியான திசையில் இருந்தாலும் அவசரக் கையில் அது எவ்வளவு கொடியதாகலாம் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

கத்தி ஓங்கியிருந்த அதே காலத்தில் இன்னொரு பக்கத்தில் அமைதியான கண்டுபிடிப்பொன்று நிகழ்ந்தது. 1949இல் அமெரிக்க வைத்தியர் லூயி கூல்ட், குரல் கேட்கும் ஒரு பெண்ணின் தொண்டைப் பகுதியிலிருந்து எழுந்த மிக நுண்ணிய முணுமுணுப்பை ஒலிவாங்கியால் பெருக்கிக் கேட்டார். அப்பெண் குரல்கள் கூறுவதாகச் சொன்னவையும் அந்த முணுமுணுப்பும் ஒத்துப்போயின. அவரே அறியாமல் அவரே பேசிக்கொண்டிருந்தார். அதனைப் பிறர் பேசுவதாகக் கேட்டுக்கொண்டிருந்தார். 1981இல் வேறு ஆய்வாளரும் இத்தகையதொரு நோயாளியைப் பற்றி எழுதினர். எல்லா நோயாளரிடத்தும் இவ்வாறு காணப்படுவதில்லை. எனினும் கேள்வியின் முகம் மாறிவிட்டது. குரல் எங்கிருந்து வருகிறது என்பதற்குப் பதிலாக, தன் குரலைத் தன்னுடையது என ஒருவர் ஏன் அறியாமற்போகிறார் என்று கேட்க வேண்டியதாயிற்று.

இக்கேள்விக்கான விடையின் ஒரு துண்டு, மீன்களையும் பூச்சிகளையும் ஆராய்ந்தவர்களிடமிருந்து வந்தது. விரலால் கண்ணை ஓரத்தில் மெல்ல அழுத்திப் பாருங்கள். உலகம் அசைவதாகத் தோன்றும். கண்ணை நீங்களாகவே உருட்டினால் உலகம் அசைவதில்லை. இரண்டிலும் விழித்திரையில் விம்பம் நகரவே செய்கிறது. வேறுபாடு என்னவெனில், நாமாக அசையும்போது தசைக்குக் கட்டளை அனுப்பும் மூளை அக்கட்டளையின் பிரதியொன்றைப் புலனுக்கும் அனுப்பி, 'இது நம் வேலை, பொருட்படுத்தாதே' என்று முன்கூட்டியே அறிவித்துவிடுகிறது. 1950இல் ஜேர்மனியில் ஃபொன் ஹோல்ஸ்ற், மிற்றல்ஸ்டெட் இருவரும், அமெரிக்காவில் ரொஜர் ஸ்பெரியும் தனித்தனியே இதனை நிறுவினர். 1978இல் அமெரிக்கரான ஃபைன்பேர்க் இவ்விதியைச் சிந்தனைக்கும் பொருத்தினார். மனத்துள் பேசுவதும் ஒரு செயல்தான். அதன் பிரதி கேட்கும் பகுதியைச் சென்றடையாவிட்டால் சொந்த எண்ணமே அந்நியக் குரலாகும் என்றார். இலண்டனில் கிறிஸ் ஃப்ரித் 1992இல் வெளியிட்ட நூலில் இதனை முழுமையானதொரு கோட்பாடாக விரித்தார்.

இக்கோட்பாட்டைச் சோதிக்க எளியதொரு வழியும் கண்டார்கள். எவராலும் தம்மைத் தாமே கூச்சங்காட்டிக்கொள்ள முடியாது. மேற்படி பிரதி அக்கூச்சத்தை அடக்கிவிடுகிறது. 2000ஆம் ஆண்டில் சேரா பிளேக்மோர், ஃப்ரித் முதலியோர் வெளியிட்ட ஆய்வில், குரல் கேட்போருக்குத் தாம் தொடுவதும் பிறர் தொடுவதும் ஏறக்குறைய ஒன்றாகவே உணரப்பட்டன.

இதற்கிடையில் உயிருள்ள மூளையைத் திறக்காமலே பார்க்கும் கருவிகள் வந்துவிட்டன. 1993இல் இலண்டனில் மக்குவயரும் குழுவினரும், குரல் கேட்கும் வேளையில் நோயாளரின் புரோக்கா பகுதியில் இரத்த ஓட்டம் அதிகரிப்பதைக் கண்டனர். அதாவது, கேட்பதாகச் சொல்லும் நேரத்தில் பேசும் பகுதி வேலை செய்கிறது. 1999இல் டியர்க்ஸ் என்பவரின் குழு 3 நோயாளரைக் காந்த அதிர்வுக் கருவியில் வைத்து, குரல் எழும்போது பொத்தானை அழுத்தச் செய்தது. வெளியொலியை முதலில் ஏற்கும் செவிப் புறணியே அப்போது தொழிற்பட்டது. சிறிய ஆய்வுதான், பின்வந்த எல்லா ஆய்வுகளும் இதனை ஒரேபோல் காட்டவுமில்லை. எனினும் இதன் உட்பொருள் பெரிது. 'எனக்குக் கேட்கிறது' என்று சொல்லும் மனிதர் பொய் சொல்லவில்லை, நடிக்கவுமில்லை. அவர் மூளை உண்மையாகவே கேட்கிறது.

பேசும் பகுதியும் கேட்கும் பகுதியும் ஒருங்கே ஈடுபட்டிருக்கும்போது இடையிலுள்ள பாதையின் நிலை என்ன? 1995இல் கார்ல் ஃபிரிஸ்டனும் ஃப்ரித்தும் மனப்பிளவு நோயை இணைப்புக் கோளாறாகக் காணலாமா என்று வினவி எழுதினர். வேர்னிக்கேயின் எண்ணம் நூறாண்டு கழித்துப் புத்துயிர் பெற்றது எனலாம். 2002இல் ஜூடித் ஃபோர்டும் சகாக்களும் தலையின் மேல் மின்முனைகளைப் பொருத்தி அளந்தனர். நலமுடையோர் பேசும்போது நெற்றிப் பகுதியின் அலைகளும் பொட்டுப் பகுதியின் அலைகளும் இசைந்து எழுகின்றன. நோயாளரிடத்தில், குறிப்பாகக் குரல் கேட்போரிடத்தில், அந்த இசைவு குன்றியிருந்தது.

அப்பாதைக்கு ஓர் உருவமும் உண்டு. நெற்றிப் பகுதியிலிருந்து வில்போல் வளைந்து பொட்டுப் பகுதிக்குச் செல்லும் வெண்ணிற இழைக்கற்றை அது. இழைகளுக்குள் நீர் எத்திசையில் பரவுகிறது என்பதை அளந்து அவற்றின் ஒழுங்கை மதிப்பிடும் முறை 1990களில் உருவானது. 2004இல் சுவிற்சர்லாந்தின் பேர்ண் நகரில் டானியேலா ஹுபிளின் குழு இம்முறையால் 13 குரல் கேட்கும் நோயாளரையும், குரல் கேளாத 13 நோயாளரையும், நலமுடைய 13 பேரையும் ஒப்பிட்டது. குரல் கேட்போரின் வில்கற்றையில் சில பகுதிகள் மற்றவர்களைவிட இறுக்கமாக ஒழுங்குபட்டிருந்தன. உட்பேச்சு எழும்போது அது செவிப் பகுதியையும் மிகையாகத் தட்டியெழுப்புகிறது என அவர்கள் கருதினர். ஆனால் பின்னர் வந்த ஆய்வுகள் பலவற்றில் இடதுபக்கக் கற்றையின் ஒழுங்கு குன்றியிருப்பதே காணப்பட்டது. பாதை மிகைப்பட்டதா, நலிந்ததா என்ற வாதம் முற்றாகத் தீரவில்லை. நோயின் காலம், உட்கொண்ட மருந்து, கற்றையில் அளந்த இடம் ஆகியன யாவும் முடிவை மாற்றக்கூடியவை. பாதை சரியாக இயங்கவில்லை என்பதில் மட்டும் பெரும்பாலோர் உடன்படுகின்றனர்.

2025இல் அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் தோமஸ் விற்ஃபோர்டின் குழு வெளியிட்ட ஆய்வு இவ்வரலாற்றின் அண்மைய கட்டங்களுள் ஒன்று. காதொலிக் கருவியில் ஓர் அசை ஒலிக்கும் அதே கணத்தில் பங்குபற்றுபவர் மனத்துள் ஓர் அசையை எண்ண வேண்டும். நலமுடையோரில் இரண்டும் ஒன்றாக இருந்தால் செவிப் பகுதியின் எதிர்வினை தணிந்தது. அண்மையில் குரல் கேட்டோரில் அது மாறாக உயர்ந்தது. மனத்துள் பேசியது, அடக்கப்படுவதற்குப் பதிலாக வெளியொலி போல வரவேற்கப்பட்டது. ஃபைன்பேர்க் 1978இல் ஊகித்ததற்கு அரை நூற்றாண்டின் பின் கிடைத்த வலுவான சான்று இது.

எனினும் பாதையே முழுக் கதையும் ஆகாது. 1987இல் நெதர்லாந்தில் பேராசிரியர் மாரியுஸ் ரொம் தொலைக்காட்சியில் தோன்றி, குரல் கேட்போர் தொடர்புகொள்ளுமாறு வேண்டினார். அழைத்த ஏறக்குறைய 700 பேரில் 450 பேர் குரல் கேட்போர். அவர்களுள் பலர் வைத்தியரை நாடாமலே குரல்களோடு வாழப் பழகியவர்கள். 2012இல் நெதர்லாந்தில் கெலி டிடரனும் குழுவினரும் வெளியிட்ட ஆய்வு, நோயற்ற குரல் கேட்போருக்கும் நோயாளருக்கும் குரல் எழும் வேளையில் பெரும்பாலும் ஒரே பகுதிகளே தொழிற்படுவதைக் காட்டியது. அப்படியாயின் ஒருவரைக் குரல் வதைப்பதும் மற்றவரை விட்டுவைப்பதும் வேறெதனாலோ ஆகும்.

அந்த 'வேறெது' என்பதற்கு ஒரு குறிப்பு சென்னையிலிருந்து கிடைத்தது. அமெரிக்க மானிடவியலாளர் தான்யா லூர்மனும் சகாக்களும் கலிபோர்னியாவின் சான் மத்தேயோ, கானாவின் அக்ரா, சென்னை ஆகிய மூன்று இடங்களில் தலா 20 பேராக 60 நோயாளரிடம் குரல்களைப் பற்றி விசாரித்து 2015இல் எழுதினர். அமெரிக்கர் பலர் அறிமுகமற்ற, வன்முறை ஏவும் குரல்களைக் கேட்டனர். அதனைப் பழுதடைந்த மூளையின் அடையாளமாகவே கண்டனர். அக்ராவில் பலருக்குக் கடவுளின் குரல் கேட்டது. சென்னையில் பலருக்குக் கேட்டவை உறவினரின் குரல்கள். அவை ஏசின, கண்டித்தன. வீட்டு வேலையைச் செய், குளி என்றும் ஏவின. பாதையின் பழுது பொதுவாக இருந்தாலும் அப்பாதையில் ஏறி வருபவர் யார் என்பதை வீடும் ஊரும் மொழியும் தீர்மானிக்கின்றன போலும்.

ஆயிரம் ஆண்டு வரலாற்றிலிருந்து எமது ஊர்களுக்கு எடுத்துச்செல்ல வேண்டியவை சில உள்ளன. குரல் கேட்கிறது என்று ஒரு மகனோ மகளோ சொன்னால், 'அப்படி ஒன்றும் இல்லை' என்று அடித்துப் பேசுவதில் பயனில்லை. அவர்களது செவிப் பகுதிக்கு அது இருக்கவே செய்கிறது. 'கேட்கிறது என்பதை நம்புகிறேன், எனக்குக் கேட்கவில்லை, என்ன சொல்கிறது?' என்று கேட்பதே நேர்மை. வைத்தியரிடம் அழைத்துச் செல்வதைத் தாமதிப்பதும் தவறு. குரல் தம்மையோ பிறரையோ துன்புறுத்தும்படி ஏவுமானால் ஒரு நாளும் தாமதிக்கக்கூடாது. மருந்து பலருக்கு உதவுகிறது. மருந்தால் முற்றாக அடங்காத குரல்களுக்கு இலண்டனில் ஜூலியன் லெஃப் ஆரம்பித்த ஒரு முறை, கணினியில் அக்குரலுக்கு ஒரு முகம் அமைத்து, நோயாளர் அதனோடு பேசி எதிர்த்து நிற்கப் பழக்குகிறது. 2018இல் வெளியான 150 பேரைக் கொண்ட ஆய்வில் 12 வாரங்களின் பின் அது பயன் தந்திருந்தது. புர்க்ஹார்ட் அறுக்க முயன்ற இடத்தில் இன்று உரையாடல் நடைபெறுகிறது.

தொலைபேசிக்கு ஹாத்திஃப் என்று பெயர் வைத்தவர்கள் கம்பியின் மறுமுனையில் ஒரு மனிதர் இருப்பதை அறிந்திருந்தனர். மூளையின் கம்பிகளை ஆராய்ந்தவர்களும் நெடுந்தூரம் சுற்றி அதே முடிவுக்கே வந்திருக்கிறார்கள். மறுமுனையில் இருப்பவர் அந்த நோயாளரேதான். தன் குரலைத் தனதென்று அறியாமல் தவிக்கும் அவருக்கு, முதலில் தேவைப்படுவது அவர் சொல்வதைக் கேட்க இன்னொருவர்.